குழாய் எதற்கு என்று கேளுங்கள்

(செவிலியர் நாளையொட்டி மாணவியரும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



செவிலியர் நாள் என்றால் நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று பேசப்போவது சிறுநீரைப் பற்றி. மேடையில் பேசுகிற விஷயமா இது என்று சிலருக்குத் தோன்றலாம். வார்டில் நோயாளி படும் பாட்டில் பெரும்பங்கு இந்தப் பேசக் கூசுகிற விஷயத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் மேடையிலேயே பேச நினைத்தேன்.

பெரிய மருத்துவமனை எதிலாவது அறுவை சிகிச்சை வார்டுக்குள் போய்ப் பாருங்கள். கட்டிலுக்குக் கட்டில் மஞ்சள் நிறப் பை தொங்கும். எங்கள் பேச்சில் அது யூரோபேக். உறவினர்களுக்கு ‘மூத்திரப் பை’. “இவருக்கு எதற்கு டியூப்?” என்று விசாரித்தால் சிலருக்குத் தெளிவான காரணம் கிடைக்கும். சிலருக்குக் கிடைக்கும் பதில், “ஆபரேஷன் அன்னைக்குப் போட்டது, இன்னும் எடுக்கலை.” அந்த ‘இன்னும் எடுக்கலை’ என்ற இரண்டு சொல்லைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒரு குழாயைப் போடுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். போட்ட பிறகு ஒவ்வொரு நாளும் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். காரணம் தீர்ந்த அன்றே எடுத்துவிட வேண்டும். இந்த மூன்றும் செவிலியர் கையில் இருக்கின்றன என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

உடம்பின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சிறுநீரகங்கள் இரவு பகல் ஓயாமல் நீரை இறக்கிக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்த ஒருவருக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டராவது இறங்க வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. இறங்கிய நீர் சிறுநீர்ப்பையில் சேரும். 150 முதல் 250 மி.லி. வரை சேரும்போது போக வேண்டும் என்ற முதல் உணர்வு வரும். 400 முதல் 600 மி.லி. வரை பெரும்பாலோர் தாங்குவார்கள். அதற்கு மேலும் நிரம்பிக்கொண்டே போனால் பையின் தசை அளவுக்கு மீறி இழுபட்டுத் தளர்ந்துவிடுகிறது. ஒரே ஒரு இரவு கவனிக்காமல் விட்டதால் பல நாள், சிலருக்குப் பல வாரம், தானாகச் சிறுநீர் கழிக்க முடியாமல் போகும்.

நீர் அடைத்துக்கொள்வதற்குக் காரணங்கள் பல. முதுகில் போட்ட மயக்க ஊசி முழுமையாகத் தெளியாதது, வலிக்குக் கொடுத்த மார்ஃபின் வகை மருந்து, பெருத்துப்போன புராஸ்டேட், நெடுநாள் சர்க்கரை நோயால் தளர்ந்த நரம்பு, நாலு நாளாகப் போகாத மலம், இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். பிள்ளை பெற்ற தாய்மாரை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவம் நீண்டுபோனாலோ, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தாலோ, தையல் விழுந்தாலோ, அந்தப் பெண்ணுக்கு நீர் பிரியாமல் போகலாம். அடிவயிறு மரத்துப்போயிருப்பதால் நிரம்பியதும் தெரியாது. சுற்றியிருக்கும் எல்லோரும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரசவமாகி ஆறு மணி நேரத்துக்குள் தாய் சிறுநீர் கழித்தாரா, எவ்வளவு கழித்தார் என்று பார்ப்பது செவிலியரின் வேலை.

பாடப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் வராத காரணம் ஒன்று உண்டு. கூச்சம். கதவில்லாத வார்டு, கிழிந்த திரை, பக்கத்துக் கட்டிலுக்கு வந்த அந்நிய ஆண்கள். இதற்கு நடுவே பெட்பேனை வைத்துவிட்டு “போங்கம்மா” என்றால் எந்தப் பெண்ணுக்கு நீர் பிரியும்? பெட்பேன் கேட்கக் கூசியே தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் பாட்டிமார்களை எல்லா வார்டிலும் பார்க்கலாம். நம் ஊர்ப் பெரியவர் பலர் படுத்த நிலையில் ஒருமுறைகூடச் சிறுநீர் கழித்தறியாதவர்கள். அப்படி ஒருவரிடம் யூரினலைக் கொடுத்து “படுத்துக்கிட்டே போங்கய்யா” என்றால் அவர் உடம்பு கேட்காது. டாக்டர் அனுமதித்தால் இருவர் தாங்கிப் பிடித்து அவரைக் கட்டிலோரம் நிற்க வையுங்கள். திரையை இழுத்து விடுங்கள். பக்கத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்து நீர் விழும் ஓசை கேட்கச் செய்யுங்கள். வலி இருந்தால் முதலில் வலிக்கு மருந்து கேளுங்கள். அவரைக் கொஞ்ச நேரம் தனியாக விடுங்கள். ரப்பர்க் குழாயைத் தேடுவதற்கு முன் இதெல்லாம் செய்து பார்த்திருக்க வேண்டும். நோயாளியின் மானத்தைக் காப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் சொன்னால் அதை அழகுப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரை இழுத்து விட்டதும் நீர் பிரிந்து, குழாய் போட வேண்டிய தேவையே இல்லாமல் போன நோயாளிகள் எல்லா வார்டிலும் உண்டு.

இவ்வளவும் செய்தும் நீர் பிரியவில்லை. இப்போது என்ன செய்வது? முன்பெல்லாம் அடிவயிற்றில் கைவைத்து அமுக்கியும் விரலால் தட்டியும் பார்ப்போம். ஒல்லியான உடம்பில் நிரம்பிய பை கைக்குத் தட்டுப்படும். பருத்த உடம்பிலும், வயிற்றில் புதிதாகத் தையல் போட்ட உடம்பிலும் அந்தக் கைக்கணக்கு பலிக்காது. சந்தேகம் வந்தால் குழாயைப் போட்டுப் பார்ப்போம். சில நேரம் 50 மி.லி.தான் வரும். அவர் குடித்தது குறைவு, சேர்ந்ததும் குறைவு, அவ்வளவுதான். தேவையே இல்லாமல் ஒரு மனிதரின் உடம்புக்குள் கிருமிக்கு வழி திறந்துவிட்டிருப்போம்.

இந்த இடத்தில்தான் பிளாடர் ஸ்கேனர் வருகிறது. காதுக்கு எட்டாத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு உள்ளே இருப்பதை அறியும் முறையை கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் 1958இல் லான்செட் இதழில் எழுதிய பிறகு உலகம் வேகமாகப் பிடித்துக்கொண்டது. கருவிலிருக்கும் குழந்தையைக் காட்டும் அதே ஒலிதான் சிறுநீர்ப்பையிலுள்ள நீரையும் காட்டுகிறது. பிளாடர் ஸ்கேனர் அந்த ஒரு வேலைக்காகவே செய்த சிறிய கருவி. படத்தைப் படித்துச் சொல்ல ரேடியாலஜி டாக்டர் வர வேண்டியதில்லை. பையின் பல குறுக்குவெட்டுகளைக் கருவியே எடுத்துக் கணக்கிட்டு, இத்தனை மில்லிலிட்டர் என்று திரையில் எண்ணாகக் காட்டிவிடும். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, வலி இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர் கட்டிலருகிலேயே இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

மாணவியருக்காகச் செய்முறையைச் சொல்கிறேன். என்ன செய்யப்போகிறீர்கள் என்று நோயாளிக்குச் சொல்லி, திரையை இழுத்து, அவரை மல்லாந்து படுக்கச் செய்யுங்கள். அடிவயிறு மட்டும் தெரிந்தால் போதும். வயிறு முடியும் இடத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்புக்கு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் மேலே, நடுக்கோட்டில், ஜெல்லைத் தாராளமாகத் தடவுங்கள். இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. கருவியின் தலையை அங்கே வைத்து, வால் எலும்பை நோக்கிச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். நோயாளி ஆணா பெண்ணா என்று கருவி கேட்டால், கருப்பையை அதன் கணக்கிலிருந்து ஒதுக்குவதற்காகக் கேட்கிறது. ஆகவே கருப்பை எடுக்கப்பட்ட பெண்ணுக்கு ஆண் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பையின் நிழல் திரையின் நடுவே முழுமையாக வர வேண்டும். ஓரத்தில் வெட்டுப்பட்டால் எண் குறைத்துக் காட்டும். இரண்டு மூன்று முறை பார்த்து எண்கள் ஒத்துவருகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு ஜெல்லைத் துடைத்துவிட்டு, கருவியின் தலையையும் கிருமிநாசினியால் துடையுங்கள். அடுத்த நோயாளியின் வயிற்றில் வைக்கப்போவதும் அதே தலைதான்.

கருவி சொல்வது எல்லாம் வேதவாக்கு அல்ல. வயிற்றில் நீர் கோத்தவருக்கும், சினைப்பையில் பெரிய நீர்க்கட்டி உள்ளவருக்கும், கர்ப்பிணிக்கும் எண் தவறலாம். மிகப் பருத்த உடம்பும், அடிவயிற்றுத் தழும்பும் கணக்கைக் குழப்பும். எண்ணையும் ஆளையும் சேர்த்துப் பார்ப்பவர்தான் செவிலியர். கருவி 80 மி.லி. என்கிறது, நோயாளியோ வயிறு உப்பி வேதனையில் முறுக்குகிறார் என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, சிறுநீர் கழித்த பின் மிஞ்சும் அளவு. நோயாளி போய்விட்டு வந்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்கேன் செய்தால் உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்று தெரியும். 50 மி.லி.க்குக் கீழே என்றால் நல்லது. முதியவர்களுக்கு 100 வரை பொறுத்துக்கொள்ளலாம். 200க்கு மேல் தங்கினால் பை சரியாகக் காலியாகவில்லை என்று பொருள். எந்த அளவுக்கு மேல் குழாய் போட வேண்டும் என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி சற்று மாறும். வலியின்றி 350 இருப்பவருக்கு மறுபடி முயற்சி செய்ய நேரம் கொடுக்கலாம். 600 சேர்ந்து தவிப்பவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

இந்த எண் யாரைக் காப்பாற்றுகிறது தெரியுமா? வீட்டில் ஒரு தாத்தா. வேட்டி எப்போதும் ஈரம். சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. “வயசாயிருச்சு, கட்டுப்பாடு போச்சு” என்று டயப்பர் மாட்டிவிடுகிறார்கள். மருமகள் துவைத்துத் துவைத்துச் சலிக்கிறாள், மகன் எரிச்சல்படுகிறான், தாத்தா கூனிக் குறுகி மூலையில் உட்காருகிறார். பலருக்கு உள்ளே நடப்பது நேர் எதிரானது. புராஸ்டேட் வழியை நெரிக்கிறது. பை நிரம்பி வழிகிறது. வழியும் சொட்டுதான் வேட்டியை நனைக்கிறது. ஸ்கேனரை வைத்தால் 800, 900 மி.லி. என்று காட்டும். இப்படியே மாதக் கணக்கில் போனால் நீர் பின்னேறிச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். டயப்பர் வாங்குவதற்கு முன்னால் அந்தத் தாத்தாவை அளந்து பாருங்கள் என்று எல்லாக் குடும்பத்தையும் நான் மன்றாடிக் கேட்கிறேன்.

இனிக் குழாய்க்கு வருவோம். குழாய் உயிர் காக்கும் பொருள். அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. நீர் அடைத்துக்கொண்டவருக்கு அது தெய்வம் போல. அதிர்ச்சி நிலையில் தீவிர சிகிச்சையில் கிடப்பவருக்கு மணிக்கு மணி எவ்வளவு நீர் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். சில அறுவைகளுக்கும் குழாய் வேண்டும். பிட்டத்தில் ஆழமான படுக்கைப் புண் உள்ளவருக்கு நீர் படாமல் காக்க, கடைசி நாட்களில் இருப்பவருக்குப் புரட்டிப் புரட்டித் துணி மாற்றும் வேதனையைத் தவிர்க்க என்றும் நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் இரவில் ஆள் குறைவு, நோயாளி அடிக்கடி கூப்பிடுகிறார், படுக்கை நனைகிறது என்பவை காரணங்கள் அல்ல. பரிசோதனைக்குச் சிறுநீர் பிடிக்க என்பதும் காரணம் அல்ல. ஆள் குறைவு நம் வார்டுகளில் உண்மை, ஒரு இரவு டியூட்டியில் எத்தனை கட்டில்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் குறைக்குத் தீர்வு கூடுதல் செவிலியர். நோயாளியின் உடம்பில் அதைத் தீர்க்கக் கூடாது.

இன்று உலகெங்கும் போடும் பலூன் குழாய்க்கு ஃபோலி என்று பெயர். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரின் சிறுநீரக மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி, புராஸ்டேட் அறுவைக்குப் பின் இரத்தப்போக்கை அழுத்தி நிறுத்துவதற்காகவே பலூன் வைத்த குழாயை முதலில் 1929இல் விவரித்தார். பலூனால் குழாய் உள்ளேயே நிற்கிறது என்பதைக் கண்டதும் 1930களில் அது எல்லோருக்குமான குழாயாகிவிட்டது. காப்புரிமை வழக்கில் ஃபோலி தோற்றார். பெயர் மட்டும் அவருக்கு நின்றது. குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் கருவித் தொழிலாளர் ஷாரியேர் வகுத்தது. ஓர் அலகு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 16ஆம் எண் குழாய் ஐந்தேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வால் பகுதியின் நிறத்தைப் பார்த்தே எண்ணைச் சொல்லலாம். 14 பச்சை, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. நீர் தடையின்றி இறங்கும் மிகச் சிறிய எண்ணையே எடுங்கள். ஒழுகுகிறது என்று பெரிய எண்ணுக்குத் தாவாதீர்கள். பெரும்பாலும் ஒழுகலுக்குக் காரணம் சிறுநீர்ப்பையின் இசிவோ, மலச்சிக்கலோ, அடைப்போதான்.

போடும்போது கிருமி நீக்கிய கையுறை, கிருமி நீக்கிய பொருட்கள், தேவையான அளவு மரத்துப்போகச் செய்யும் ஜெல்லி. ஜெல்லி வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். அவசரத்தில் அந்த நிமிடங்களைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். ஆணுக்குக் குழாயைக் கிளை பிரியும் இடம் வரை உள்ளே செலுத்தி, நீர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பலூனை நிரப்ப வேண்டும். பாதி வழியில் நிரப்பினால் மூத்திரத் தாரையே கிழிந்துவிடும். அந்தக் காயம் ஆறி வடுவாகி, வாழ்நாள் முழுக்க அடைப்பு வந்துகொண்டிருக்கும். பலூனுக்கு ஸ்டெரைல் வாட்டர்தான். சலைன் ஊற்றினால் உப்புப் படிந்து, எடுக்கும்போது சுருங்காமல் அடம்பிடிக்கும். வேலை முடிந்ததும், பின்னுக்குத் தள்ளிய முன்தோலை மறக்காமல் முன்னால் இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது வீங்கி உறுப்பின் கழுத்தை நெரித்துவிடும்.

குழாய் உள்ளே போனதும் என்ன நடக்கிறது? அதன் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் கிருமிகள் பிசின் போன்ற படலம் கட்டிக் குடியேறுகின்றன. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் நன்றாக ஊடுருவாது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை இருக்கிறது. ஒரு மாதம் வைத்திருந்தால் அனேகமாக எல்லோருக்கும் சேர்ந்துவிடும். அமெரிக்க மருத்துவர் பால் பீசன் 1958இலேயே கதீட்டருக்கு எதிரான வழக்கு என்ற பொருளில் தலைப்பிட்டு எச்சரித்து எழுதினார். அந்தக் காலத்தில் குழாயின் முனை திறந்த பாட்டிலுக்குள் தொங்கும். குழாயும் பையும் பிரியாமல் மூடியே இருக்கும் அமைப்பு 1960களில் பரவிய பிறகே தொற்று கணிசமாகக் குறைந்தது. அந்த மூடிய அமைப்பைத் திறக்காமல் காப்பதுதான் குழாய்ப் பராமரிப்பின் உயிர்நாடி. பரிசோதனைக்கு நீர் வேண்டுமென்றால் அதற்கென இருக்கும் இடத்தில் ஊசி வழியே எடுங்கள். குழாயைக் கழற்றாதீர்கள், பையிலிருந்தும் எடுக்காதீர்கள்.

இதோடு ஒட்டிய ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. குழாய் உள்ளவரின் சிறுநீரில் கிருமி இருப்பது வேறு, அவருக்குத் தொற்று நோய் வந்திருப்பது வேறு. காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் இல்லாதவருக்குச் சும்மா கல்ச்சர் அனுப்பி, வந்த எண்ணைப் பார்த்து ஆன்டிபயாடிக் தொடங்குவது, எதற்கும் மசியாத கிருமிகளை நாமே வளர்ப்பதாகும். நீர் கலங்கியிருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்பது மட்டும் மருந்துக்குக் காரணம் ஆகாது.

இனிப் பையைப் பற்றி. பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. நம் மருத்துவமனைகளில் இது மீறப்படும் இடம் ஸ்ட்ரெச்சர். எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். பையிலுள்ள பழைய நீர் கிருமியோடு திரும்பி உள்ளே போகலாம். தள்ளுபவர் அறியாமல் செய்கிறார். அவருக்குச் சொல்லிக்கொடுக்காதது நம் குற்றம். நடக்க வைக்கும்போது உறவினர் சலைன் பாட்டிலைத் தூக்குவது போலவே இந்தப் பையையும் தோளுயரம் தூக்கிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் அன்பாகத் திருத்துங்கள்.

பை மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் முன் காலி செய்யுங்கள். கனத்தால் குழாய் இழுபடும். வடிக்கும் முனை ஜாடியில் உரசக் கூடாது. ஒரே ஜாடியை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவது கிருமியை ஊர்வலம் கூட்டிச் செல்வதுதான். ஒவ்வொருவருக்கும் தனி ஜாடி, ஒவ்வொரு முறையும் புதுக் கையுறை, முன்னும் பின்னும் கைகழுவல். குழாயைத் தொடையில் பிளாஸ்டர் போட்டுத் தளர்வாக நிலைநிறுத்துங்கள். இந்தச் சிறிய பிளாஸ்டர் இல்லாமல் எத்தனை மூத்திரத் தாரைகள் புண்ணாகின்றன! சுத்தம் செய்ய சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டாலும் பெட்டாடினும் தினமும் தடவுவதால் தொற்று குறைவதில்லை, எரிச்சல்தான் மிச்சம். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். பவுடர் வேண்டாம். குழாயோடு குளிக்கலாம்.

குழாயோடு வீட்டுக்குப் போகிறவர்கள் நம்மிடம் நிறையப் பேர். பக்கவாதம் வந்தவர்கள், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், அறுவைக்குத் தாங்காத முதியவர்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கிய பிறகு, படுக்கையில் இருப்பவர்களின் வீடு தேடிச் செவிலியர் போகும் வழி ஒன்று திறந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் கவனிக்க வேண்டியது: நீர் இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் பையில் ஒன்றும் சேராவிட்டால் முதலில் குழாய் எங்காவது மடங்கி, உடம்புக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் தடுக்காதவரை தண்ணீர் நிறையக் கொடுங்கள், மலச்சிக்கல் வராமல் பாருங்கள். சாதாரண லேடெக்ஸ் குழாயைச் சில வாரங்களில் மாற்ற வேண்டும், முழு சிலிக்கோன் குழாய் மூன்று மாதம் வரை தாங்கும். நெடுநாள் குழாயோடு இருக்கும், மலச்சிக்கல் உள்ள பாட்டிமாருக்குச் சில நேரம் யூரோபேக் ஊதா நிறமாகிவிடும். வீட்டில் எல்லோரும் அரண்டுபோவார்கள். குடலிலிருந்து வரும் ஒரு பொருளைச் சிறுநீரிலுள்ள கிருமிகள் நீலமாகவும் சிவப்பாகவும் மாற்றுவதால் வருவது அது. செவிலியரிடம் காட்டுங்கள், பதற வேண்டாம். பதற வேண்டிய இடம் வேறு. முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவருக்குக் குழாய் அடைத்துக்கொண்டால், தலை வெடிக்கும் வலி வரும், முகம் சிவந்து வியர்க்கும், இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக ஏறும். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, குழாயின் மடிப்பை நீக்கி, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

முதுகுத்தண்டு அடிபட்ட எல்லோருக்கும் நிரந்தரக் குழாய்தான் கதி என்பதில்லை. மிச்சிகனைச் சேர்ந்த மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972இல் ஒரு துணிச்சலான முறையை வெளியிட்டார். நோயாளியே, கையைச் சோப்பால் கழுவிவிட்டு, சிறிய குழாயைத் தானே செலுத்தி நீரை வடித்து, உடனே எடுத்துவிடுவது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பாமல் இருப்பதே தொற்றைத் தடுக்கும் பெரிய காவல் என்பது அவர் வாதம். காலம் அதை மெய்ப்பித்துவிட்டது. இதைச் சொல்லும்போது வேலூரின் டாக்டர் மேரி வர்கீஸை நினைக்காமல் இருக்க முடியாது. 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தவர் அவர். அவருடைய முயற்சியால் 1966இல் பாகாயத்தில் எழுந்த மறுவாழ்வு நிலையம், நடக்க முடியாதவர்களும் உழைத்து வாழலாம் என்று நம் மண்ணில் காட்டியது. தன் சிறுநீரைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் வேலைக்குப் போகலாம், கல்யாண வீட்டுக்குப் போகலாம், பேருந்தில் ஊருக்குப் போகலாம். செவிலியர் அரைநாள் பொறுமையாக உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால் ஒருவருக்கு வாழ்க்கையே திரும்புகிறது. இதைவிடப் பெரிய பலன் தரும் அரைநாள் வேலை நம் தொழிலில் அதிகம் இல்லை.

கடைசியாக, குழாயை எடுப்பது. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குழாயோடு இருந்த நோயாளிகளில் 28 விழுக்காட்டினர் விஷயத்தில், அவர்களுக்குக் குழாய் இருப்பதே பார்க்கும் மருத்துவருக்குத் தெரியவில்லை. போர்வைக்குள் இருப்பது மறந்துபோகிறது. போர்வையை விலக்குகிறவர் செவிலியர். அதனால் ஷிஃப்ட் மாறி ஓவர் கொடுக்கும்போது, “ஃபோலிஸ் இருக்கு” என்று மட்டும் சொல்லாதீர்கள். என்றைக்குப் போட்டது, எதற்குப் போட்டது, இன்றைக்கும் அது வேண்டுமா என்று மூன்றையும் சொல்லுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, அறுவைக்காகப் போட்ட குழாயை வேறு காரணம் இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடச் சொல்கிறது. எடுப்பதற்கு முன் கிளாம்ப் போட்டுப் போட்டுப் பழக்குவது நம் வார்டுகளில் இன்னும் நடக்கிறது. அது தேவையில்லை என்றே அதே வழிகாட்டியும் சொல்கிறது. கிளாம்பைத் திறக்க மறந்தால் நிரம்பி வழியும் ஆபத்து வேறு. ஊசிக்குழலைச் செருகிப் பலூன் நீர் தானாக இறங்க விடுங்கள், கத்தரியால் வெட்டாதீர்கள். எடுத்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் எவ்வளவு போனார் என்று அளந்து, ஸ்கேனரால் மிச்சத்தைப் பாருங்கள். போகவில்லை என்றால் பதறி உடனே மறுபடி நிரந்தரக் குழாய் போடாமல், எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டார் பையோடு படுத்திருந்தால், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, “இந்தக் குழாய் எதற்கு, எப்போது எடுப்பீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்காகக் கோபப்படும் செவிலியர் இருந்தால், அவரிடம் நான் பேசுகிறேன்.

இந்த அவையில் கொடையாளர்கள் பலர் இருக்கிறீர்கள். அரசு மருத்துவமனைக்கு மின்விசிறியும் சக்கர நாற்காலியும் வாங்கித் தந்திருக்கிறீர்கள். நம் பல வார்டுகளில் பிளாடர் ஸ்கேனர் இல்லை, இருக்கிற ஒன்றும் எங்கோ பூட்டிய அறையில் இருக்கிறது. அடுத்த முறை தரும்போது கண்காணிப்பாளரைக் கலந்து, அறுவை வார்டுக்கும் பிரசவ வார்டுக்கும் பொதுவாக ஒன்று வாங்கித் தாருங்கள். கூடவே கட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலையும் தாருங்கள்.